ஜிபிஎஸ் கருவி கணினியுடன் இணைய மறுக்கிறதா? பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

மண் மாதிரி எடுத்த இடத்தைக் குறிப்பது, நிலத்தின் பரப்பை அளப்பது, ட்ரோன் மூலம் மருந்து தெளிப்பது, டிராக்டரை நேர்க்கோட்டில் ஓட்டுவது எனப் பல வேளாண் பணிகள் இன்று செயற்கைக்கோள் சிக்னலை நம்பி நடக்கின்றன. இந்தச் சிக்னலை வாங்கி, நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுச் சொல்வதுதான் ஜிபிஎஸ் ரிசீவர். அது கணக்கிட்ட விவரம் மடிக்கணினிக்கு வந்து சேர்ந்தால்தான் வரைபடம் தயாராகும், பரப்பு தெரியும், ட்ரோன் தன் வரிசையில் பறக்கும்.

ஆனால், வயலில் இறங்கிய பிறகுதான் பலருக்குச் சிக்கல் தொடங்குகிறது. கருவியில் விளக்கு எரிகிறது, கணினியும் ஓடுகிறது, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. உடனே, 'ரிசீவர் போய்விட்டது' என்று முடிவு கட்டி நகரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். கருவி திரும்பி வருவதற்குள் தெளிப்புக்கு ஏற்ற நாள்கள் கடந்துவிடுகின்றன. பழுது பெரும்பாலும் ரிசீவரில் இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள கேபிளிலும் கணினியின் அமைப்பிலும்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் தேவையில்லை. வரிசையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இரண்டும் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

ரிசீவர் தன் விவரங்களை ஓர் எழுத்துக்குப் பின் இன்னொன்றாக, ஒரே கம்பி வழியாக வரிசையில் அனுப்புகிறது. இதற்குப் பயன்படும் இணைப்புதான் சீரியல் போர்ட். இதற்கான ஆர்எஸ் 232 என்ற தர அளவு 1960-ல் வந்தது. பழைய கணினிகளின் பின்புறம் 9 ஊசிகளுடன் இருக்கும் போர்ட் இந்த வகைதான். இன்றைய மடிக்கணினிகளில் அந்தப் போர்ட் கிடையாது. அதற்குப் பதிலாக யுஎஸ்பி கேபிளோ, யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றித் தரும் கன்வெர்ட்டரோ பயன்படுகிறது. வெளியே யுஎஸ்பி போலத் தெரிந்தாலும், கணினி அதைக் 'காம் 3', 'காம் 7' என்ற எண்ணுள்ள சீரியல் போர்ட்டாகவே நடத்துகிறது.

ரிசீவர் பேசும் பொதுவான மொழிக்கு என்எம்இஏ 0183 என்று பெயர். இந்த மொழியின் ஒவ்வொரு வரியும் டாலர் குறியுடன் தொடங்கி, காற்புள்ளிகளால் பிரிந்து, கடைசியில் நட்சத்திரக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக முடியும். அந்தக் கடைசி இரண்டு எழுத்துகள் சரிபார்ப்புக்கானவை. வழியில் ஓர் எழுத்து சிதைந்தாலும், மென்பொருள் அந்த வரியைத் தள்ளிவிடும்.

முதல் வேலை: என்ன வருகிறது என்று பாருங்கள்

அளவை மென்பொருளையோ ட்ரோன் மென்பொருளையோ முதலில் திறக்க வேண்டாம். புட்டி, டெரா டெர்ம் போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். ரிசீவர் அனுப்புவதை அவை அப்படியே திரையில் காட்டும். காம் எண்ணையும் வேகத்தையும் கொடுத்துத் திறந்து பார்த்தால், மூன்றில் ஒன்றைக் காணலாம்.

1. திரை வெறுமையாக இருக்கும்.
2. புரியாத கிறுக்கல் எழுத்துகள் ஓடும்.
3. டாலர் குறியுடன் வரிகள் ஒழுங்காக வரும். ஆனால் இடத்தின் விவரம் இருக்காது.

இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. எது வருகிறது என்று பார்க்காமல் கேபிளை மாற்றுவதும் மென்பொருளை அழித்து மீண்டும் பதிவதும் வீண் வேலை.

ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். செயற்கைக்கோள் சிக்னல் ஒன்றுகூடக் கிடைக்காவிட்டாலும் பெரும்பாலான ரிசீவர்கள் வரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். காற்புள்ளிகளுக்கு நடுவே எண்கள் இருக்காது, அவ்வளவுதான். எனவே, திரை வெறுமையாக இருப்பதற்கு வானத்தைக் குறை சொல்ல முடியாது.

திரை வெறுமையாக இருந்தால்

கேபிள்: செல்போன் சார்ஜருடன் வரும் சில யுஎஸ்பி கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவலுக்கான கம்பிகள் இருக்காது. விளக்கு எரியும், தகவல் வராது. செல்போனிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றப் பயன்படும் கேபிளைப் போட்டுப் பாருங்கள். அளவு பொருந்தினால், இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை.

டிரைவர்: விண்டோஸ் கணினியில் 'டிவைஸ் மேனேஜர்' பக்கத்தைத் திறந்து, 'போர்ட்ஸ்' என்ற பகுதியைப் பாருங்கள். கேபிளைச் செருகும்போது அங்கே புதிதாக ஒரு காம் எண் தோன்ற வேண்டும்; பிடுங்கினால் மறைய வேண்டும். தோன்றவே இல்லை என்றாலோ, மஞ்சள் முக்கோணக் குறி தெரிந்தாலோ, கன்வெர்ட்டருக்கான டிரைவர் மென்பொருள் இல்லை என்று பொருள். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சிப் பொதுவாக எஃப்டிடிஐ, சிபி 210 வரிசை, சிஹெச் 340, பிஎல் 2303 ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். எந்தச் சிப் என்று பார்த்து, அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கிக்கொள்ள வேண்டும்.

பிஎல் 2303 கேபிளில் 'கோட் 10' என்ற பிழை வந்தால், அதில் இருப்பது பழைய சிப்பாகவோ போலிச் சிப்பாகவோ இருக்கலாம். புதிய டிரைவர்கள் அவற்றை ஏற்பதில்லை. இதற்காக ரிசீவரைத் திறக்க வேண்டாம். கேபிளை மாற்றினால் போதும்.

காம் எண்: நேற்று காம் 4 ஆக இருந்த அதே கருவி, இன்று வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் காம் 7 ஆக மாறிவிடக்கூடும். மென்பொருளோ இன்னும் காம் 4-ஐயே தேடிக்கொண்டிருக்கும். துளைக்கு அருகே ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டி, எப்போதும் ஒரே துளையைப் பயன்படுத்துங்கள். பழைய அளவை மென்பொருள்கள் சில, 9-க்கு மேற்பட்ட காம் எண்களைக் காணாது. அப்போது டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போய், சிறிய எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

புளூடூத்: கம்பியில்லாமல் இணைக்கும் ரிசீவருக்கு விண்டோஸ் இரண்டு காம் எண்களைக் காட்டும். அவற்றில் 'அவுட்கோயிங்' என்று குறித்திருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேறு மென்பொருள் பிடித்திருப்பது: விண்டோஸில் ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும். புட்டியில் பார்த்துவிட்டு அதை மூடாமல் ட்ரோன் மென்பொருளைத் திறந்தால், 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றுதான் வரும். சோதித்து முடித்ததும் மறக்காமல் மூடிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கணினியை அணைத்துத் திறப்பது நல்லது.

கம்பிகள் எதிரெதிராக இருப்பது: 9 ஊசிப் போர்ட்டில், கணினிப் பக்கம் 2-ம் ஊசி வாங்குவது, 3-ம் ஊசி அனுப்புவது, 5-ம் ஊசி பொதுத் தரை. ரிசீவர் அனுப்புவது கணினியின் 2-ம் ஊசிக்கு வந்து சேர வேண்டும். இரண்டு பக்கமும் அனுப்பும் கம்பியிலேயே அனுப்பிக்கொண்டிருந்தால் எதுவும் கேட்காது. அப்போது 2-ஐயும் 3-ஐயும் மாற்றிக் கோர்த்த 'நல் மோடம்' கேபிளோ, அதற்கான சிறு இணைப்பானோ தேவைப்படும்.

ரிசீவரா, கேபிளா? ஒரு துண்டுக் கம்பி சொல்லும்

குறை எந்தப் பக்கம் என்று பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ரிசீவரைக் கழற்றி வைத்துவிட்டு, கன்வெர்ட்டரின் 9 ஊசி முனையில் 2-ம் ஊசியையும் 3-ம் ஊசியையும் சிறு கம்பியால் இணையுங்கள். புட்டியில் அந்தக் காம் எண்ணைத் திறந்து, 'ஃப்ளோ கன்ட்ரோல்' என்பதை 'நன்' என்று வைத்து, ஏதாவது தட்டச்சு செய்யுங்கள். தட்டிய எழுத்து திரையில் தெரிந்தால், கணினி, டிரைவர், கன்வெர்ட்டர் மூன்றும் நலம். இனி ரிசீவர் பக்கம் பார்த்தால் போதும். எழுத்து தெரியவில்லை என்றால், ரிசீவரைக் கடைக்கு அனுப்ப இன்னும் காரணமே இல்லை.

இந்தச் சோதனையைக் கன்வெர்ட்டரில் மட்டும் செய்யுங்கள். ரிசீவர் இணைந்திருக்கும்போது ஊசிகளைக் குறுக்கே இணைக்கக் கூடாது.

கிறுக்கல் எழுத்துகள் வந்தால்

இது நல்ல அறிகுறி. கம்பி வேலை செய்கிறது, காம் எண் சரி, ரிசீவர் பேசுகிறது. வேகம் மட்டும் பொருந்தவில்லை. இந்த வேகத்தைப் பாட் ரேட் என்பார்கள். என்எம்இஏ 0183 தரத்தின் வழக்கமான வேகம் 4800. ஆனால், பல சிறு ரிசீவர் பலகைகள் 9600-லும், புதிய ஆர்டிகே வகைகள் சில 38400-லும் தொடங்குகின்றன. 4800, 9600, 38400, 57600, 115200 என ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மற்ற அமைப்புகள் பொதுவாக 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்.

எல்லா வேகத்திலும் கிறுக்கலே வந்தால், ரிசீவர் என்எம்இஏ மொழியில் அல்லாமல் தன் நிறுவனத்தின் தனி மொழியில் பேசுகிறது என்று கொள்ளலாம். கார்மின் நிறுவனத்தின் பழைய கையடக்கக் கருவிகளில், அமைப்புப் பட்டியலில் 'இன்டர்ஃபேஸ்' என்ற இடத்தில் 'கார்மின்', 'என்எம்இஏ' என இரண்டு தேர்வுகள் இருக்கும். சேமித்த இடங்களைக் கணினிக்கு இறக்கும் மென்பொருள் முதலாவதைக் கேட்கும். வரைபடத்தில் உடனுக்குடன் இடம் காட்டும் மென்பொருள் இரண்டாவதைக் கேட்கும். ஒருவர் மாற்றி வைத்துவிட்டுப் போனால், அடுத்தவருக்குக் கருவி பழுதானது போலத் தோன்றும்.

வேகத்தைத் தேவைக்கு மேல் குறைத்து வைப்பதும் கூடாது. 4800 வேகத்தில் விநாடிக்கு 480 எழுத்துகள்தான் போகும். ஒரு வரியில் 82 எழுத்துகள் வரை இருக்கலாம். அதாவது, விநாடிக்கு 5 அல்லது 6 முழு வரிகள். அதற்கு மேல் வரிகளைக் கேட்டால் தகவல் பின்தங்கும் அல்லது விடுபடும். ஓடும் டிராக்டரில் இது வரிசை பிசகலாகத் தெரியும்.

வரிகள் வருகின்றன, இடம் வரவில்லை என்றால்

இப்போதுதான் வானத்தைப் பார்க்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்றையும் கணக்கிட, குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் வேண்டும். தென்னந்தோப்பின் அடியிலும் தகரக் கூரைக்குள்ளும் வைத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. ஆன்டெனாவைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, அதன் திருகு இணைப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட நாள் பயன்படுத்தாத கருவி, செயற்கைக்கோள்களின் அட்டவணையைப் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். அது முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். அதுவரை கருவியை அணைத்து அணைத்துப் போடாதீர்கள்.

வரும் வரிகளில் 'ஜிஜிஏ' என்று தொடங்குவதைக் கவனியுங்கள். அதில் நேரம், அட்சரேகை, தீர்க்கரேகைக்குப் பின் ஒரு தனி எண் இருக்கும். 0 என்றால் இடம் கிடைக்கவில்லை. 1 என்றால் சாதாரண ஜிபிஎஸ். சில மீட்டர் பிழை இருக்கும். 2 என்றால் திருத்தம் பெற்றது. 5 என்றால் ஆர்டிகே இன்னும் நிலைபெறவில்லை. 4 என்றால் ஆர்டிகே நிலைபெற்றுவிட்டது. சில சென்டிமீட்டர் துல்லியம்.

இந்த ஓர் எண்ணைப் பார்க்காமல் நிலம் அளப்பதால் வரும் நட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 63.6 மீட்டர். ஒரு பக்கத்தின் எல்லை 3 மீட்டர் தள்ளிப் பதிந்தால், ஏறத்தாழ 190 சதுர மீட்டர் வித்தியாசம் வரும். அது 4 சென்ட்டுக்கும் மேல். ஏக்கர் கணக்கில் கூலி பேசும் தெளிப்பிலும் அறுவடையிலும் இது யாருடைய பணமோ அவருக்கு நட்டம்.

இணைப்பு வந்து வந்து போனால்

மின்சாரத்தை மிச்சப்படுத்த, கணினி தானாகவே யுஎஸ்பி துளையை அணைத்துவிடக்கூடும். டிவைஸ் மேனேஜரில் 'யுஎஸ்பி ரூட் ஹப்' என்பதன் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதிக்குப் போய், அந்த அனுமதியை நீக்கிவிடுங்கள். டிராக்டரின் அதிர்வில் இணைப்பு தளரும். 9 ஊசி இணைப்பின் இரு பக்கத் திருகுகளையும் இறுக்குங்கள். ஆர்எஸ் 232 கேபிள் சுமார் 15 மீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. என்ஜின் வயரிங்குக்கும் மோட்டார் கேபிளுக்கும் ஒட்டி இழுக்க வேண்டாம்.

கணினியைத் திறந்ததும் அம்புக்குறி தானாகவே திரை முழுவதும் ஓடி, எதையெதையோ அழுத்துகிறதா? வைரஸ் என்று பயப்பட வேண்டாம். ரிசீவர் இணைந்த நிலையில் விண்டோஸ் தொடங்கும்போது, அது அனுப்பும் எழுத்துகளைப் பழைய சீரியல் மவுஸ் என்று கணினி தவறாக எடுத்துக்கொள்வதுண்டு. ரிசீவரைப் பிடுங்கிவிட்டு, கணினி முழுதாகத் திறந்த பிறகு செருகுங்கள். தொடர்ந்து வந்தால், டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பகுதியில் தோன்றும் 'சீரியல் பால்பாயின்ட்' என்பதை முடக்கிவிடலாம்.

ட்ரோன் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மிஷன் பிளானர் மென்பொருளில் ட்ரோனுடன் பேசும் டெலிமெட்ரி ரேடியோவுக்கு ஒரு காம் எண். தரையில் வைக்கும் ஆர்டிகே அடிப்படை ரிசீவருக்கு இன்னொரு காம் எண். ரேடியோவின் வேகம் பெரும்பாலும் 57600. இரண்டும் ஒரே பட்டியலில் தெரிவதால் மாற்றிக் கொடுத்துவிடுவது எளிது. ஒன்றை மட்டும் செருகி எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு அடுத்ததைச் செருகுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. ஆர்எஸ் 232 கம்பியில் 15 வோல்ட் வரை கூட்டல், கழித்தல் மின்னழுத்தம் வரலாம். சிறு ரிசீவர் பலகைகளின் ஊசிகளோ 3.3 வோல்ட்டில் வேலை செய்பவை. இரண்டையும் நேரடியாக இணைத்தால் பலகை எரிந்துவிடும். நடுவே மின்னழுத்தத்தை மாற்றும் சிறு பலகை கட்டாயம் வேண்டும். இணைப்பு வராத கருவியைச் சரிசெய்துவிடலாம். எரிந்த பலகையைத் தூக்கித்தான் போட வேண்டும்.

எண் வந்துவிட்டது, சரியாகப் படித்தோமா?

இணைப்பு கிடைத்த மகிழ்ச்சியில் நடக்கும் பிழை ஒன்று உண்டு. என்எம்இஏ வரியில் 1101.5000 என்று அட்சரேகை வந்தால், அது 11 பாகை 1.5 கலை. தசமத்தில் 11.025. அதேபோல 07656.1000 என்ற தீர்க்கரேகை 76 பாகை 56.1 கலை, தசமத்தில் 76.935. புள்ளியை மட்டும் நகர்த்தி 11.015, 76.561 என்று எழுதிவிட்டால், கோவையில் உள்ள வயல் சுமார் 40 கிலோமீட்டர் மேற்கே தள்ளி, பாலக்காடு மாவட்டத்துக்குள் போய் நிற்கும். பாகையைத் தனியே எடுத்துக்கொண்டு, கலையை 60-ஆல் வகுத்துக் கூட்டுவதே சரியான முறை.

2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்று மாதிரி எடுத்து, அதன் இடத்தையும் ஜிபிஎஸ் மூலம் குறிக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு மாதிரியை நம்பித்தான் சுற்றியுள்ள விவசாயிகளுக்கு உரப் பரிந்துரை போகிறது. கருவி இணையவில்லை என்பதற்காக அலுவலகத்தில் உட்கார்ந்து உத்தேசமாக எண்ணைப் போட்டால், ஒருவர் வயலின் மண்ணுக்கு இன்னொருவர் வயலில் உரம் போட்டதாகிவிடும். இணைப்பு வரவில்லை என்றால், ரிசீவரின் திரையில் தெரியும் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். திரை இல்லாத கருவி என்றால், செல்போனில் எடுத்த இடத்தை, 'செல்போனில் எடுத்தது' என்ற குறிப்புடன் பதியுங்கள். உத்தேச எண்ணைவிட அது எவ்வளவோ மேல்.

கையில் இருக்க வேண்டியவை

கருவிப் பெட்டியின் மூடியின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டி, காம் எண், பாட் ரேட், மொழி, டிரைவரின் பெயர் ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். யார் எதை மாற்றினாலும் சீட்டிலும் மாற்ற வேண்டும். சோதித்துப் பார்த்த உபரிக் கேபிள் ஒன்று, நல் மோடம் இணைப்பான் ஒன்று, டிரைவரும் புட்டியும் பதிந்த பென்டிரைவ் ஒன்று பெட்டியிலேயே இருக்கட்டும். வயலில் இணையம் கிடைக்காத இடத்தில் இந்தப் பென்டிரைவின் அருமை தெரியும்.

வாடகை மையங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் வேலைக்கு முந்தைய நாள் மாலையே, திறந்த வெளியில் கருவியைக் கணினியுடன் இணைத்து, ஜிஜிஏ வரி வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அதற்குக் கால் மணி நேரம் போதும். இத்தனையும் பார்த்த பிறகும் திரை வெறுமையாக இருந்தால், அப்போது கருவியைப் பழுதுபார்க்க அனுப்புங்கள். கன்வெர்ட்டர் சோதனையில் எழுத்து தெரிந்ததா, எந்தெந்த வேகத்தில் முயன்றீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பழுதுபார்ப்பவருக்குப் பாதி வேலை குறையும். கருவியும் அடுத்த தெளிப்புக்குள் உங்கள் கைக்குத் திரும்பும்.